டிராக்டர் இஞ்சினைத் தின்னும் புழுதி

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சின் எழுத்து வடிவம்)

உறுவையாற்றில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர். சொந்த நிலம் இரண்டு ஏக்கர். அதோடு கடனில் வாங்கிய ஒரு பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் வாடகைக்கு உழுது, அந்த வருமானத்தில்தான் தவணை கட்டி வந்தார். சில வருஷங்களுக்கு முன், சொர்ணவாரிப் பட்டத்துக்கு நிலம் தயார் செய்கிற சமயத்தில், உழவர் உதவியகத்துக்குப் போய்க்கொண்டிருந்த என்னை வழியில் நிறுத்தினார்.

"சார், வண்டி நீலமா புகை விடுது. ஆயிலும் இறங்கிக்கிட்டே இருக்கு. நாலு நாளைக்கு ஒரு தரம் ஊத்த வேண்டியிருக்கு. என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

எனக்கு அன்றைக்கு விதை விநியோக வேலை. "பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும். சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். பி.எஸ்சி. விவசாயம் படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பிவிட்டார். இஞ்சினைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது சொற்பம். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவராவது நல்ல மெக்கானிக்கிடம் போயிருப்பார்.

அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த இஞ்சினை இரண்டு தடவை பிரித்தார்கள். முதல் தடவை ரிங் மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் பழையபடி நீலப்புகை. இரண்டாவது தடவை லைனர், பிஸ்டன், ரிங் எல்லாமே புதிது போட வேண்டியதாயிற்று. ஒரு பட்டத்து வாடகை வருமானம் அதிலேயே போய்விட்டது. இத்தனைக்கும் அவர் அசட்டைக்காரர் அல்லர். தினமும் காலையில் ஏர் கிளீனரைக் கழற்றிக் கழுவி, அளவு பார்த்து ஆயில் ஊற்றி மாட்டுகிறவர். பிறகு எங்கே கோளாறு? அதைக் கண்டுபிடித்தது வில்லியனூரில் இருந்த வயதான ஒரு மேஸ்திரி. அவர் கண்டுபிடித்த விதம் விளங்க வேண்டுமானால், இஞ்சின் எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் இஞ்சினுடைய தத்துவம் இவ்வளவுதான். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. மேலே ஏறும்போது அந்தக் காற்றைப் பதினாறு பதினேழு மடங்கு சிறியதாக அழுத்துகிறது. அப்போது காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் சூடாகிவிடும். அந்த நேரம் பார்த்து இன்ஜெக்டர் டீசலைப் பனிபோல் தூவுகிறது. தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்கிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் நமக்குக் கிடைக்கும் உழைப்பு. மறுபடி மேலே வரும்போது புகையை வெளியே தள்ளிவிடுகிறது. உறிஞ்சல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் என்று நாலு ஓட்டம். இதற்குள் கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்று சுற்றிவிடும்.

பெட்ரோல் காரிலும் இதே நாலு ஓட்டம்தான். அதில் அழுத்தம் குறைவு, அதனால் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் வேண்டியிருக்கிறது. பிஸ்டன், ரிங், வால்வு, கிராங்க், பேரிங் எல்லாம் காருக்கும் டிராக்டருக்கும் ஒரே குடும்பம். வித்தியாசம், ஓடுகிற இடத்தில் இருக்கிறது. கார் தார் ரோட்டில் ஓடுகிறது. நம்முடைய டிராக்டர் தானே கிளப்பிய புழுதிக்குள் நின்று மூச்சு விடுகிறது.

இங்கே ஒரு சின்ன சேதி சொல்லியாக வேண்டும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897-ல் இந்த இஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் இஞ்சின் எதில் ஓடியது தெரியுமா? நம்ம மல்லாட்டை எண்ணெயில்! பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் அப்படி ஓட்டினார்கள் என்று டீசலே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் நம் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மல்லாட்டை கப்பல் கப்பலாக மார்செய் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்காக இன்றைக்கு யாரும் டாங்கியில் கடலை எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். இப்போதைய இன்ஜெக்டர் தாங்காது. மண்ணெண்ணெய் கலப்பதும் தப்பு. டீசல் பம்பின் உள்பாகங்களுக்கு அந்த டீசலேதான் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. பம்பு சீக்கிரம் தேய்ந்து போகும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சுமார் இரண்டரை லிட்டர் கொள்ளளவு உள்ள டிராக்டர் இஞ்சின் நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடினால் எவ்வளவு காற்றை உறிஞ்சும்? இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எல்லா சிலிண்டரும் நிரம்பும். ஆகவே நிமிஷத்துக்கு 750 தடவை இரண்டரை லிட்டர். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் காற்று வருகிறது. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரியில் பத்து லோடு! அதே ஒரு மணி நேரத்தில் அது குடிக்கிற டீசல் நாலைந்து லிட்டர்தான். நாம் டீசலில் தூசி இருக்கிறதா என்று துணி போட்டு வடிகட்டிப் பார்க்கிறோம். லட்சம் லிட்டர் காற்றை யார் பார்க்கிறார்கள்?

நவரை அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் சித்திரை வெயிலில் ரோட்டவேட்டர் ஓட்டினால் எவ்வளவு புழுதி கிளம்புகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புழுதியில் கணிசமான பகுதி பொடி மணல். மணல், இரும்பைக் காட்டிலும் கடினமானது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்கும் லைனர் சுவருக்கும் நடுவே இருப்பது தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராத ஆயில் படலம். அந்த ஆயிலோடு பொடி மணல் சேர்ந்தால் என்ன ஆகும்? வால்வு தேய்க்க மெக்கானிக்குகள் ஒரு பேஸ்ட் வைத்திருப்பார்களே, அதேதான். 1500 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு இருபத்தைந்து தடவை ஏறி இறங்குகிறது. அந்தப் பேஸ்டைப் போட்டுக்கொண்டு நாள் பூராவும் தேய்த்தால் புது லைனர்கூட எத்தனை நாள் தாங்கும்?

லைனர் தேய்ந்தால் அழுத்தம் கசியும், இழுவை குறையும். கீழே இருக்கிற ஆயில் மேலே ஏறி எரியும். அதுதான் நீலப்புகை.

இனி அந்த மேஸ்திரி செய்ததைச் சொல்கிறேன். இரண்டாவது தடவை இஞ்சினைப் பிரித்தபோது ஏற்கெனவே வேலை செய்த பட்டறையில், "ஆயில் மட்டம், அதான் ரிங் போச்சு" என்று சொல்லியிருந்தார்கள். விவசாயி மனசு கேட்காமல், கழற்றிய சாமான்களை ஒரு கோணிப்பையில் போட்டு வில்லியனூருக்குக் கொண்டுபோனார். குற்ற உணர்ச்சியில் நானும் கூடப் போனேன்.

மேஸ்திரி முதலில் லைனரைத்தான் கையில் எடுத்தார். உள்ளே விரலை விட்டு மேலிருந்து கீழாகத் தடவினார். மேல் ரிங் உரசுகிற இடத்தில் பள்ளம், கீழே போகப்போகத் தேய்மானம் குறைவு. பிறகு மேல் ரிங்கை எடுத்தார். கத்திபோல மெலிந்திருந்தது. கடைசியாகக் கிராங்க் பேரிங் ஓடுகளை வெளிச்சத்தில் காட்டினார். கீறல் அதிகம் இல்லை.

"ஆயில் மேல பழி போடாதீங்க சார்" என்றார் என்னைப் பார்த்து. "ஆயில்ல மண்ணு இருந்தா மொதல்ல பேரிங் போவும். இங்க பேரிங் நல்லாருக்கு, மேல் ரிங்குதான் போயிருக்கு. மண்ணு மேல இருந்து வந்திருக்கு. காத்தோட வந்திருக்கு."

"நான் தினம் ஏர் கிளீனர் கழுவுறேங்க மேஸ்திரி" என்றார் விவசாயி. அழுகிற குரல்.

"நீ கழுவுற தம்பி, இல்லைங்கல. கழுவின காத்து உள்ள போற வழில என்ன இருக்குன்னு பாத்தியா?"

மறுநாள் அவரே உறுவையாற்றுக்கு வந்தார். ஏர் கிளீனரிலிருந்து இஞ்சினுக்குப் போகிற ரப்பர் ஓஸைக் கழற்றி, இஞ்சின் பக்கத்துக் குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் முகத்துக்குப் போடுகிற பவுடர்போல மண். வடிகட்டியைத் தாண்டின இடத்தில் ஒரு துளி மண்கூட இருக்கக் கூடாது. ஓஸைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மடிப்பில் இரண்டு அங்குல விரிசல். அதை எப்போதோ யாரோ சைக்கிள் டியூப் ரப்பரால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வெயிலில் அதுவும் வெடித்துவிட்டது. இஞ்சின், கிளீனர் வழியாகக் கஷ்டப்பட்டு உறிஞ்சுவதைவிட அந்த விரிசல் வழியாகச் சுலபமாக உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் போட்ட புது ரிங்கும் இரண்டே மாதத்தில் தேய்ந்த மர்மம் அதுதான். கோளாறை விட்டுவிட்டு அது விளைவித்த சேதத்தை மட்டும் பழுது பார்த்திருக்கிறார்கள்.

ஓஸ் ஒன்றும் கிளிப் இரண்டும் ஆன செலவு, ஒரு மணி நேர உழவு வாடகைகூட இல்லை.

அதன் பிறகு அந்த மேஸ்திரியிடம் நான் அடிக்கடி போய் உட்கார்ந்தேன். அவரிடமும், வண்டியோடு வருகிற கையேட்டிலும் கற்றதில் உங்களுக்கு உபயோகமானதைச் சொல்கிறேன்.

முதலில் காற்று வழி. ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள வண்டியானால், புழுதி உழவின்போது தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டிக் கழுவி, குறி இருக்கிற மட்டத்துக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். குறைந்தால் புழுதி பிடிபடாது. கூடினால் ஆயிலையே இஞ்சின் உறிஞ்சிவிடும். சேற்று உழவு நாட்களில் இவ்வளவு அவசரம் இல்லை. காகித வடிகட்டி உள்ள புது வண்டியானால், அதை டயரில் தட்டுவதும், பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் கூடாது. காகிதத்தில் ஊசித்துளை விழுந்தால் போதும், எல்லாம் வீண். குறைந்த காற்றில் உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். பிறகு இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். உள்ளே இன்னொரு சின்ன வடிகட்டி இருக்கும், அதைச் சுத்தம் செய்யக் கழற்றவே கூடாது. கையேடு சொல்கிறபோது மாற்றுவதோடு சரி.

காற்று வழியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். டர்போ இல்லாத வண்டிக்கு மட்டும் இது பொருந்தும். இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஏர் கிளீனர் காற்றை இழுக்கிற வாயை ஒரு தட்டையான பலகையால் நன்றாக மூடுங்கள். சில நொடியில் மூச்சு முட்டி இஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால், வேறு எங்கோ திருட்டு வழி இருக்கிறது என்று அர்த்தம். துணியால் மூடாதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும். கையாலும் வேண்டாம்.

அடுத்தது ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், வண்டி மட்டமான தரையில் நிற்கும்போது ஆயில் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். டீசல் இஞ்சினில் ஆயில் கறுப்பது இயற்கை. கரியைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆகவே நிறத்தைப் பார்த்து, கெட்டது என்றோ நல்லது என்றோ முடிவு கட்டாதீர்கள், மணிக் கணக்குத்தான் சரி. பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கையேட்டில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். நம் பக்கத்தில் பாதி வண்டிகளில் மணி மீட்டர் ஓடுவதில்லை! மீட்டர் ஓடாத வண்டிக்குச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி அன்றன்றைக்கு எத்தனை மணி ஓடியது என்று எழுதி வையுங்கள். ஆயில் மாற்றும்போது பில்டரையும் மாற்றியே ஆக வேண்டும். பழைய பில்டரில் புது ஆயில் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவது போல.

ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாகக் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். டீசலோ தண்ணீரோ கலக்கிறது. மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர்தான். வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஒரு சால்கூட உழக் கூடாது. வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் விடாமல் டப்பாவில் சேர்த்து, எடுக்கிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. கடல் பக்கம் போகப்போகப் போர் தண்ணீரில் உப்பு ஏறிவிடுகிறது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அடுப்பில் வைக்கிற வெந்நீர்ப் பானையில் படிகிறதே, அதே காரை லைனரின் வெளிப்பக்கத்தில் படியும். சூடு இறங்காது. கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்லது. அவசரத்துக்கு மழைத் தண்ணீர் பரவாயில்லை. அறுவடைக் காலத்தில் ரேடியேட்டரின் முன்பக்கச் சல்லடையில் வைக்கோல் தூசு அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் ஒரு தரம் தட்டிவிடுங்கள். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறட்டும், அவசரம் வேண்டாம்.

டீசல் டாங்கியைச் சாயங்காலமே நிரப்பி வையுங்கள். காலி டாங்கிக்குள் மார்கழிப் பனியில் தண்ணீர் வியர்க்கும். தண்ணீர், இன்ஜெக்டருக்கு விஷம். பில்டரின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி வாரம் ஒரு தரம் கொஞ்சம் வடித்துவிட்டால் போதும். டீசல் தீர்ந்துபோய் ஏர் பிடித்துக்கொண்டால், பில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைப் பம்பை அடியுங்கள், நுரையில்லாமல் டீசல் வருகிறவரை. பிறகு இறுக்குங்கள். அதற்கு மேல் பம்பிலும் இன்ஜெக்டரிலும் நாம் கை வைக்கக் கூடாது. டேப்பட் இடைவெளியும் அப்படித்தான். கேஜ் தகடு போட்டுப் பார்க்கிற மெக்கானிக்கிடம் விடுங்கள். "காதாலேயே கேட்டு வைப்பேன்" என்கிறவர் வேண்டாம்.

புகையின் நிறம் என்ன சொல்லும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பளு இழுக்கும்போது கருப்பாக வந்தால், டீசல் முழுதும் எரியவில்லை. காற்று வழி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் சரியில்லாமல் இருக்கலாம், அல்லது கலப்பையை அளவுக்கு மீறி ஆழமாக இறக்கியிருக்கலாம். காலைக் குளிரில் வெள்ளையாக வந்து சற்று நேரத்தில் நின்றுபோனால் கவலையில்லை. நிற்காமல் வெள்ளை வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். நீலம் வந்தால் என்ன என்று மேலேயே சொல்லிவிட்டேன். என்னைப் போல "சீசன் முடியட்டும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

புதிதாக வருகிற பெரிய வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. அவற்றில் டீசல் பீச்சுவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கோளாறு வந்தால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர், ஏர் ஓஸில் விழுந்த விரிசலைத் தைத்துக் கொடுக்காது. புழுதி, பழைய இஞ்சினுக்கும் புது இஞ்சினுக்கும் ஒரே புழுதிதான்.

அந்த விவசாயியின் வண்டி இன்னும் ஓடுகிறது. இரண்டாவது வேலைக்குப் பிறகு ஹெட்டைக் கழற்றவில்லை. கடன் ஒன்றரை வருஷம் தாமதமாக அடைந்தது. விரிசல் விட்ட அந்தப் பழைய ஓஸை, சுற்றின சைக்கிள் டியூபோடு, கொட்டகை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். வண்டி ஓட்ட வருகிற பையன்களிடம் முதல் நாளே அதை எடுத்துக் கையில் கொடுத்து, "எங்க ஓட்டைன்னு பாரு" என்கிறார். போன வாரம் போயிருந்தபோது என் கையிலும் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன்.